4ஏ-ஜிஇ 20 வால்வு: சில்வர் டாப்பா, பிளாக் டாப்பா?

பிறைவாசி94

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு கொரோல்லா எஸ்இஜி. என் அப்பா வாங்கிய வண்டி. அவர் காலமான பிறகு என் பொறுப்புக்கு வந்தது. உடற்கூட்டில் துரு இல்லை, உள்ளிருக்கைகள் கூடக் கிழியவில்லை. ஆனால் அதில் உள்ள 4ஏ-எஃப்இ எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. காலையில் கிளப்பினால் நீலப்புகை வருகிறது. ஓவர்ஹால் செய்வதற்கு ஆகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், ஹாஃப் கட்டாக (பழைய வண்டியில் இருந்து வெட்டியெடுத்த முன்பாதியாக) வரும் 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

கேட்க வந்தது இதுதான்: அந்த எஞ்சினின் இரண்டு வகைகளில், முதலில் வந்த சில்வர் டாப்பை எடுப்பதா, பின்னால் வந்த பிளாக் டாப்பை எடுப்பதா? பட்டர்வொர்த் பக்கம் விசாரித்தால், பிளாக் டாப்புக்குக் கணிசமாகக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் விலைக்கு உண்மையிலேயே என்ன கிடைக்கிறது என்பதை இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வண்டி தினமும் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குள் வேலைக்குப் போகும். மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் தெலோக் பகாங்கில் இருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் ஓடும். பந்தயத்துக்குப் போகாது.

செந்தூல் பட்டறை

தம்பி, இந்த எஞ்சின்களைத் திறந்து மூடுவதே என் தொழிலாக இருந்த காலம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

4ஏ-ஜிஇ என்பது 1983இல் ஏஇ86 என்ற கொரோல்லா வண்டியுடன் வந்த 16 வால்வு எஞ்சின். சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 77 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,587 சிசி. கடைசி வரை இந்த அளவு மாறவில்லை. 1991இல் கொரோல்லா குடும்பத்து ஏஇ101 தலைமுறை லெவின், ட்ருவெனோ வண்டிகளுக்காக டொயோட்டா இதே அடித்தளத்தின் மேல் புதிய தலையை வைத்தது. யமஹாவின் கைவண்ணம் கலந்த அந்தத் தலையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ளிழுக்க மூன்று, வெளியேற்ற இரண்டு என ஐந்து வால்வுகள். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்று வாயைத் திறந்து மூடும் தகடு). உள்ளிழுக்கும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமின் நேரத்தை மாற்றும் விவிடி. கேம் மூடி வெள்ளி நிறத்தில் இருந்ததால் அதற்கு சில்வர் டாப் என்று பெயர் வந்தது. அதன் அழுத்த விகிதம் 10.5. திறன் நிமிடத்துக்கு 7,400 சுற்றில் 160 குதிரைத்திறன், முறுக்குவிசை 5,200 சுற்றில் 162 நியூட்டன் மீட்டர்.

1995இல் அடுத்த தலைமுறையான ஏஇ111 வந்தபோது மூடி கறுப்பானது. அழுத்த விகிதம் 11 ஆனது. த்ராட்டில் வாய் 42இல் இருந்து 45 மில்லிமீட்டராக விரிந்தது. உள்ளிழுக்கும் கேம் வால்வைத் தூக்கும் உயரம் 7.9இல் இருந்து 8.2 மில்லிமீட்டராகக் கூடியது. உட்காற்று செல்லும் போர்ட்டின் வளைவு திருத்தப்பட்டது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், கிராங்கின் முனையில் சுழலும் சக்கரமான ஃபிளைவீலும் எடை குறைந்தன. திறன் 7,800 சுற்றில் 165 குதிரைத்திறன். முறுக்குவிசை அதே 162 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் அது கிடைக்கும் இடம் 5,600 சுற்றுக்கு ஏறிவிட்டது.

இத்தனை வேலைக்கும் ஐந்தே குதிரைத்திறன்தானா என்று பலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 குதிரைத்திறன் என்றால் 117.7 கிலோவாட், 7,400 சுற்றில் அதைத் தருவதற்கு எஞ்சின் சுமார் 152 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தாக வேண்டும். 165 குதிரைத்திறன் என்றால் 121.4 கிலோவாட், 7,800 சுற்றில் அதற்குச் சுமார் 149 போதும். ஆகவே பிளாக் டாப் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் பலத்தோடு மிதிக்கவில்லை. சில்வர் டாப்புக்கு மூச்சு முட்டத் தொடங்கும் இடத்தைத் தாண்டியும் அது இழுத்துக்கொண்டே போகிறது. அந்த 45 மில்லிமீட்டர் வாயும் கூடுதல் வால்வு உயரமும் அந்தக் கடைசி நானூறு சுற்றுக்காகத்தான்.

இப்போது உங்கள் வழியை நினைத்துப் பாருங்கள். பாலத்தில் மாலை ஆறு மணிக்கு எந்தச் சுற்றில் போவீர்கள்?

கிள்ளான் கறுப்பு

அண்ணன் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பிளாக் டாப்புக்கு அநியாயம் நடந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். நான் ஏழு ஆண்டுகளாகப் பிளாக் டாப் ஓட்டுகிறேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் இதே வண்டியில் சில்வர் டாப் இருந்தது.

தாளில் தெரியாத வேறுபாடு கால் வைத்ததும் தெரிகிறது. எடை குறைந்த ஃபிளைவீலும் ராடும் இருப்பதால், இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிட்டுக் கியர் இறக்கினால், ஊசி உடனே எழுந்து நிற்கிறது. சில்வர் டாப்பில் அதே வேலைக்கு அரை நொடி காத்திருக்க வேண்டியிருந்தது. தம்பி சொன்ன பாலிக் புலாவ் சாலையில் இந்த வேறுபாடு ஒவ்வொரு வளைவிலும் கிடைக்கும். அந்தச் சாலையில் 7,800 சுற்றுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை; மூவாயிரத்துக்கும் ஐந்தாயிரத்துக்கும் இடையில் எஞ்சின் எவ்வளவு விரைவாகக் காலுக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் இன்பம்.

இன்னொன்று, 1997இல் இருந்து பிளாக் டாப்புடன் சி160 என்ற ஆறு கியர் பெட்டி வந்தது. சில்வர் டாப்புடன் வருவது சி56, ஐந்து கியர். உச்சியில்தான் பலம் இருக்கும் எஞ்சினுக்குக் கியர்கள் நெருக்கமாக இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். பிளாக் டாப் எடுப்பவர் ஆறு கியரோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செந்தூல் பட்டறை

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். கால் பதிலைப் பற்றி நான் எழுதாமல் விட்டது குறைதான். ஆனால் ஃபிளைவீல் கழற்றி மாட்டக்கூடிய பொருள். எப்படியும் கிளட்ச் மாற்றுவதற்குக் கியர்பாக்ஸை இறக்குவார்கள். அப்போதே சில்வர் டாப்பிலும் எடை குறைந்த ஃபிளைவீலைப் போட்டுவிடலாம். போர்ட்டின் வளைவையும் கேமையும் அப்படி எளிதாக மாற்ற முடியாது. ஆகவே பிளாக் டாப்புக்கே உரிய லாபம் எது, பின்னால் சேர்த்துக்கொள்ளக்கூடிய லாபம் எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

டர்போ போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: எடை குறைந்த ராட் சுற்று ஏறுவதற்கு நல்லது, அழுத்தத்தைத் தாங்குவதற்குச் சில்வர் டாப்பின் ராடுதான் நல்லது. பிறைத் தம்பிக்கு அது தேவைப்படாது என்பதால் அதை இங்கே வளர்க்கவில்லை.

காற்றளவி

இதுவரை யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டு எஞ்சினுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு அதுதான். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைக் கணிப்பொறி எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற கேள்வி அது.

சில்வர் டாப்பில் ஏர் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. காற்று வரும் வழியில் ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. காற்று தள்ளத் தள்ளக் கதவு திறக்கும், திறக்கும் கோணத்தை வைத்துக் கணிப்பொறி பெட்ரோலைக் கணக்கிடும். அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் நான்கு தனி த்ராட்டில் இருந்தும், எல்லாக் காற்றும் முதலில் அந்த ஒற்றைக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கதவுக்கு உள்ளே இருக்கும் கார்பன் தடம் முப்பது ஆண்டு உரசலில் தேய்ந்துவிடுகிறது. தேய்ந்த இடத்துக்கு முள் வரும்போது, அரை த்ராட்டிலில் வண்டி ஒரு கணம் விக்கும்.

பிளாக் டாப்பில் அந்தக் கதவை எடுத்துவிட்டு, உட்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் போட்டார்கள். தடை போனது, தேயும் பொருளும் போனது. ஆனால் தனித்தனி த்ராட்டில் உள்ள எஞ்சினில் அழுத்தம் ஒழுங்காக நிற்காது. நான்கு குழாயில் இருந்தும் மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாகச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அந்த ரப்பர் குழாய்களில் ஒன்று வெடித்திருந்தாலும் ஐட்லிங் ஏறி இறங்கும். நம் வெப்பத்தில் ரப்பர் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பிளாக் டாப்பில் ஐட்லிங் நிற்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தக் குழாய்களைத்தான்.

காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு நான்கு புனல்களும் தெரியும்படி ஓட்டுவது பலருக்கு ஆசை. சில்வர் டாப்பில் அளவுக் கதவு அந்தப் பெட்டிக்கு முன்னால் இருப்பதால், அதற்குரிய கணிப்பொறியை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது. பிளாக் டாப்பில் எஞ்சின் ஓடும். ஆனால் வடிகட்டி இல்லாமல் நம் சாலைத் தூசியை நேரே சிலிண்டருக்குள் அனுப்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறைவாசி94

எல்லோருக்கும் நன்றி. எழுதியவற்றை இரண்டு முறை படித்தேன். நேற்று ஒரு ஹாஃப் கட் யார்டுக்குப் போய்ப் பார்த்து வந்ததை எழுதுகிறேன்.

அங்கே எனக்கு ஒரு பிளாக் டாப்பைக் காட்டினார்கள். கேம் மூடி கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. பேட்டரி கொடுத்துக் கிளப்பியும் காட்டினார்கள். முதல் அரை நிமிடம் முன்புறத்தில் இருந்து டீசல் லாரி போலக் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு குறைந்துவிட்டது. பழைய எஞ்சின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். முன்பணம் கேட்டார்கள், நான் இன்னும் கொடுக்கவில்லை. நான்கு படங்கள் எடுத்திருக்கிறேன். ஒரு படத்தில் காற்றுப் பெட்டிக்கு முன்னால் சதுரமான ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறது. அதன் வாயில் விரலை விட்டுத் தள்ளினால் உள்ளே ஒரு தகடு எதிர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது. காற்றளவி அவர்கள் சொன்ன கதவு இதுதானா?

காற்றளவி

அதே கதவுதான். பணம் கொடுக்க வேண்டாம். அந்த எஞ்சின் பிளாக் டாப் இல்லை. கறுப்புச் சாயம் பூசிய சில்வர் டாப்.

செந்தூல் பட்டறை

காற்றளவி சொல்வது சரி. இந்த ஏமாற்று எனக்கும் நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக நான் பிளாக் டாப் என்று நம்பி எடுத்து வந்த எஞ்சினில், கேம் மூடியின் போல்ட் குழிகளுக்குள் வெள்ளி நிறம் அப்படியே இருந்தது. தூரிகை உள்ளே எட்டவில்லை. அதைப் பார்த்தது, பணம் கைமாறி வண்டி பட்டறைக்கு வந்த பிறகுதான். விலை வித்தியாசத்தை என் கையில் இருந்து கொடுத்தேன். அன்று முதல் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் யார்டுக்குள் போனதில்லை.

தம்பி, அடுத்த முறை போகும்போது காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். த்ராட்டில் தகடு இருக்கும் இடத்தில் வெர்னியரை வைத்து அளந்தால் 42 அல்லது 45 வரும். அந்த அளவுக்குச் சாயம் பூச முடியாது.

நீங்கள் கேட்ட கடகடச் சத்தம் விவிடி கப்பியில் இருந்து வருவது. உள்ளிழுக்கும் கேமின் முனையில் உள்ள அந்தக் கப்பிக்குள், சாய்வான பற்கள் கொண்ட ஓர் உருளை இருக்கிறது. ஆயில் அழுத்தம் அதைத் தள்ளினால் கேம், கிராங்க் கணக்கில் 30 பாகை முன்னே திரும்பும். இடைப்பட்ட நிலை கிடையாது, இரண்டே நிலைதான். ஹோண்டாவின் விடெக் போல வால்வு உயரத்தை இது மாற்றுவதில்லை. நேரத்தை மட்டும் மாற்றுகிறது. நடுச்சுற்றில் இந்த எஞ்சினுக்கு உயிர் இருப்பதற்குக் காரணமே இதுதான். பற்கள் தேய்ந்தால், ஆயில் மேலே ஏறும் வரை அப்படித் தட்டும். இரண்டு தலைமுறைக்கும் இந்த நோய் பொது.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கில் ஓடவிட்டு, விவிடி சோலனாய்டுக்கு (ஆயில் வழியைத் திறக்கும் மின்வால்வுக்கு) நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், அணைந்துவிட்டாலும் நல்லதுதான். ஒன்றுமே நடக்காமல் சமமாக ஓடிக்கொண்டிருந்தால், கப்பி சிக்கியிருக்கிறது அல்லது ஆயில் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பிளாக் டாப், நன்றாக இருக்கும் சில்வர் டாப்புக்குப் பின்னால்தான் போகும்.

கிள்ளான் கறுப்பு

நான் பிளாக் டாப்புக்காக வாதாடியவன் என்றாலும், அண்ணன் எழுதிய கடைசி வரியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இவை எல்லாமே இருபத்தைந்து ஆண்டு தாண்டிய எஞ்சின்கள். தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த ஐந்து குதிரைத்திறன் வேறுபாட்டை ஒரு சிலிண்டரின் தேய்ந்த ரிங்கே விழுங்கிவிடும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பார்த்து, அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும் எஞ்சினை எடுங்கள். நிறத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

பெட்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஜப்பானின் உயர்தரப் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டவை. 11 அழுத்த விகிதமுள்ள என் பிளாக் டாப்புக்கு ரோன் (ஆக்டேன் அளவு) 97தான் ஊற்றுகிறேன். நண்பர் ஒருவர் சில்வர் டாப்பில் ரோன் 95 ஊற்றி ஓட்டுகிறார். ஏற்றத்தில் ஏர்கோன் போட்டால் மெல்லிய தட்டல் கேட்பதாகச் சொல்லி, பிறகு அவரும் மாறிவிட்டார். தினமும் பாலம் தாண்டுபவருக்கு மாதக் கணக்கில் இது சிறிய தொகை இல்லை. எஞ்சின் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜாலான் பார்வையாளர்

சட்டப் பக்கம் யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் மாற்றினால் புஸ்பகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் சோதனை செய்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டும். ஹாஃப் கட் வாங்கும்போது ரசீதையும் இறக்குமதிப் பத்திரங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தேடிப் போனால் கிடைக்காது. நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் பழைய 4ஏ-எஃப்இயும் 1,587 சிசி, இந்த இரண்டும் 1,587 சிசி. ரோட் டாக்ஸ் கொள்ளளவை வைத்து என்பதால் அதே 90 ரிங்கிட்டிலேயே நிற்கும்.

செந்தூல் பட்டறை

அதோடு இன்னொரு பொருத்தமும் உண்டு. தம்பியின் வண்டி ஏஇ101. சில்வர் டாப் வந்ததும் ஏஇ101. ஒரே தலைமுறை என்பதால் ஒயரிங் வேலை குறைவு. கியர்பாக்ஸும் அதே சி வரிசை. பிளாக் டாப் ஏஇ111இல் இருந்து வருவதால் ஒயரிங்கை ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து இணைக்க வேண்டியிருக்கும். இயலாத காரியம் இல்லை, ஆனால் கூலி உண்டு. எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இந்த 20 வால்வுத் தலையில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பழைய பெல்ட்டை நம்பி ஒரு நாள் கூட ஓட்ட வேண்டாம்.

பிறைவாசி94

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும், வேலை இழுத்துவிட்டது.

அந்த யார்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் வேறோர் இடத்தில், சில்வர் டாப் என்று சொல்லியே விற்ற ஒரு சில்வர் டாப்பை எடுத்தேன். வெர்னியரில் 42 வந்தது. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் எஞ்சின் இரண்டு முறை விக்கி அணைந்துபோனது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் பதறிவிட்டார், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மிச்சமான பணத்தில் பெல்ட், பம்ப், சீல், எடை குறைந்த ஃபிளைவீல் எல்லாம் போட்டாயிற்று. நான்கு த்ராட்டிலையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமப்படுத்த அரை நாள் ஆனது. மூன்றாவது சிலிண்டரின் திருகை கால் சுற்று திருப்பிய அந்த நொடியில், அதுவரை பானட்டை உலுக்கிக்கொண்டிருந்த அதிர்வு சட்டென்று நின்றுவிட்டது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் போய் வந்தேன். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் நாலாயிரத்தைத் தாண்டும்போது காற்றுப் பெட்டிக்குள் இருந்து எழும் அந்த உறுமலைக் கேட்டு, அப்பா இருந்திருந்தால் ஜன்னலை இறக்கச் சொல்லியிருப்பார் என்றார் அம்மா.

புஸ்பகோம் சோதனை அடுத்த வாரம். கிள்ளான் கறுப்பு அவர்கள் சொன்னபடி ரோன் 97தான் ஊற்றுகிறேன். ஒரே ஒரு குறை: ஏர் ஃப்ளோ மீட்டர் பெட்டியின் மூடியைப் பிடிக்கும் நான்கு கிளிப்பில் ஒன்று உடைந்திருக்கிறது. இப்போதைக்குக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். யாரிடமாவது உதிரியாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

காற்றளவி

என்னிடம் இரண்டு இருக்கின்றன, தம்பி. விலை வேண்டாம். கம்பிக் கட்டில் காற்று கசிந்தால் கதவுக்குப் பின்னால் கணக்கில் வராத காற்று நுழையும். அதுவரை ஐட்லிங் திருகைத் தொடாமல் வைத்திருங்கள்.